சின்னப் படகில் மீன்பிடித் தொழில்: புதிதாக வருகிறவர்களுக்கு

கடல் தொழிலுக்கு வர ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "என்ன படகு வாங்கலாம்?" என்றுதான். படகெல்லாம் அப்புறம். மீன் பிடிக்கக்கூட ஓரளவு சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். பிடித்த மீனைக் கெடாமல் கரைக்குக் கொண்டுவந்து, படகுக்கும் உடம்புக்கும் சேதம் இல்லாமல் திரும்பி, செலவெல்லாம் போகக் கையில் ஏதாவது மிச்சம் பிடிப்பதற்குத்தான் வருடக்கணக்கில் ஆகும். நான் இங்கே பேசுவது 5 முதல் 10 மீட்டர் வரை நீளமுள்ள, ஒருவரோ இரண்டு மூன்று பேரோ சேர்ந்து ஓட்டும், போன அன்றே திரும்பும் படகுகளைப் பற்றி. ஏதோ ஓரத்தில் நடக்கிற தொழில் என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்தில் பிடிபடும் மீனில் குறைந்தது 40 சதவீதம் சிறு மீனவர்கள் பிடிப்பதுதான் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்குச் சொல்கிறது.

முதலில் வேறொருவர் படகில் ஏறுங்கள்

எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுப் பார்க்கும் வரை அடுத்தவர் படகில் ஆளாகப் போவதுதான் சரியான தொடக்கம். எந்த மாதத்தில் எந்த மீன், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் அலை எழும், மீன்பாடு இல்லாத வாரங்களில் வீடு எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் படகில் இருந்தால்தான் தெரியும். யாரோடு போவது என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். நிறைய மீன் கொண்டுவருகிறவர் நல்ல படகோட்டி என்று அர்த்தமில்லை. கயிறுகள் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றனவா, லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கிறதா இல்லை மூலையில் மூட்டையாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, வானம் சரியில்லை என்று பாதி வழியில் திரும்பிய நாள் அவருக்கு உண்டா என்று கூட இருப்பவர்களிடம் விசாரியுங்கள். ஒருநாளும் திரும்பாதவரோடு போக வேண்டாம்.

பங்குக் கணக்கைப் படகில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள், கூச்சப்பட்டால் பின்னால் சண்டைதான். வழக்கமாக விற்ற பணத்தில் எரிபொருள், ஐஸ், இரை ஆகிய செலவுகளை முதலில் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்கும் இன்ஜினுக்கும் வலைக்கும் ஒரு பங்கு போக, மீதியை ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். இதில் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். மீனே கிடைக்காத நாளில் எரிபொருள் செலவு யார் தலையில்? வலை கிழிந்தால் யார் பொறுப்பு? வேலையில் காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? மீன்பிடி வேலை குறித்து 2007-ல் நிறைவேறி 2017-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கை, எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம், மருத்துவச் சான்று, பொதுவாக 16 வயதுக்குக் குறையாத ஆட்கள் என்றெல்லாம் சொல்கிறது. உங்கள் நாடு அதில் கையெழுத்திட்டிருக்கிறதோ இல்லையோ, பேசும்போது எதையெல்லாம் கேட்கலாம் என்பதற்கு அது நல்ல அளவுகோல்.

உடம்பு

கடல் குமட்டல் பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. முதல்நாள் நன்றாகத் தூங்குங்கள், வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். படகில் நடுப்பகுதியில் நின்று தூரத்து அடிவானத்தைப் பாருங்கள், குனிந்து முடிச்சு அவிழ்க்கும் வேலையை அன்றைக்கு வேறு யாராவது செய்யட்டும். பெட்ரோல் வாடையும் நாள்பட்ட இரையின் நாற்றமும் சேர்ந்தால் பழகிய ஆளுக்கே வயிற்றைப் பிரட்டும். மாத்திரை போடுவதானால் கிளம்பும் முன் போட வேண்டும், குமட்டல் வந்தபின் அது வயிற்றில் நிற்காது. தூக்கம் வரவைக்கும் மாத்திரையா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் நீச்சல் தெரியும் என்பதற்காக லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூச்சிரைப்பு அடங்க 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம், உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம். அந்த 10 நிமிடத்துக்குப் பிறகு எவ்வளவு பெரிய நீச்சல்காரரானாலும் கை வராது. உங்களை மிதக்க வைப்பது ஜாக்கெட்தான்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு. படகுப் பதிவு, மீன்பிடி உரிமம், எந்த எல்லைக்குள் தொழில் செய்யலாம், வலைக் கண்ணியின் குறைந்தபட்ச அளவு, எந்த மீனை எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது, தடைக்காலம் எப்போது. இவை அத்தனையையும் காசு போடுவதற்கு முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படகு விற்பவர் "உரிமம் கூடவே வரும்" என்பார். சில இடங்களில் வரும், சில இடங்களில் வராது.

படகும் இன்ஜினும்

பழைய படகு வாங்குவதில் தப்பில்லை. பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இன்ஜின் மாட்டும் பின்பலகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜினை நிமிர்த்தி, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பலகை லேசாக அசைந்தாலோ ஆணிகளைச் சுற்றி விரிசல் இருந்தாலோ உள்ளே மரம் ஊறிப்போயிருக்கிறது என்று பொருள். ஃபைபர் படகென்றால் சுத்தியல் பிடியால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், ஊறிய இடத்தில் சொத்தென்று கேட்கும்.

படகு கவிழ்வது பெரும்பாலும் எடையை வைக்கும் விதத்தால். ஈர வலையையும் மீன் பெட்டிகளையும் உயரமாக அடுக்கினால் படகு மெதுவாக, சோம்பலாக ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அது ஆபத்தின் அறிகுறி. உள்ளே தேங்கிய தண்ணீர் அதைவிட மோசம். படகு சாயும்போது மொத்தத் தண்ணீரும் அதே பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும், அதனால் அவ்வப்போது இறைத்துக்கொண்டே இருங்கள். வலை அடியில் பாறையில் சிக்கிக்கொண்டால் ஒருபோதும் பக்கவாட்டில் வைத்து இழுக்காதீர்கள், கயிற்றை அணியத்துக்கு, அதாவது முன்முனைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து இழுங்கள். நங்கூரமும் அப்படித்தான், எப்போதும் அணியத்திலிருந்து. பின்பக்கம் ஏற்கெனவே இன்ஜின் எடையில் தாழ்ந்திருக்கும். அங்கே நங்கூரக் கயிற்றைக் கட்டினால் அலை நேராக உள்ளே ஏறிவிடும். கயிற்றை ஆழத்தைப்போல 5 முதல் 7 மடங்கு விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும்.

எரிபொருளுக்கு ஒரு எளிய கணக்கு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. காற்று எதிர்த்தால் திரும்பும் வழியில் செலவு அதிகமாகும், அதற்குத்தான் அந்த மூன்றாவது பங்கு. இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றும்போது தொடுவதற்கு இல்லை. கூடவே ஸ்பார்க் பிளக், புரொப்பெல்லர் பின், எரிபொருள் வடிகட்டி, ஸ்டார்ட்டர் கயிறு, அவற்றை மாற்றத் தேவையான ஸ்பேனர்கள் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்திருங்கள். வெளி இன்ஜினிலிருந்து பீய்ச்சும் குளிர்நீர்த் தாரையை அடிக்கடி பாருங்கள். தாரை நின்றால் இன்ஜினையும் உடனே நிறுத்த வேண்டும். தனியாகப் போகிறவர்கள் இன்ஜின் நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உடம்பில் மாட்டாமல் ஓட்டவே கூடாது. நீங்கள் விழுந்து படகு மட்டும் போய்விட்டால் கதை அதோடு முடிந்தது.

வலை, தூண்டில், கூண்டு: ஏதாவது ஒன்று

எல்லாவற்றையும் வாங்கி அடுக்காமல் ஒன்றில் தொடங்குங்கள். கைத்தூண்டிலுக்கு முதலீடு குறைவு, கிடைக்கும் மீனும் அடிபடாமல் வரும், நல்ல விலைக்குப் போகும். நண்டுக்கூண்டுக்கு எடை தூக்கும் முதுகு வேண்டும். செவுள் வலைதான் பலர் தொடங்குவது, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செவுள் வலையில் மீனின் தலை கண்ணிக்குள் நுழையும், உடம்பு நுழையாது, பின்வாங்கும்போது செவுளில் இழை மாட்டிக்கொள்ளும். ஆகவே கண்ணி அளவுதான் எந்த மீன், எவ்வளவு பெரியது என்பதை முடிவுசெய்கிறது. வலையைக் கயிற்றில் எவ்வளவு தளர்வாகக் கட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். 100 மீட்டர் இழுத்து நீட்டிய வலையை 50 மீட்டர் கயிற்றில் கட்டுவது பரவலான வழக்கம். இன்னும் தளர்த்தினால் மீன் செவுளில் மாட்டுவதற்குப் பதிலாகச் சுருண்டு சிக்கும், கழற்ற நேரமாகும், வேண்டாத மீன்களும் அதிகம் சேரும்.

புதியவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரம் வலை விடும் நேரம். படகு மெதுவாக முன்னே போகும், வலை பின்னால் தானாக ஓடும். முதல் மிதவை போனதும் ஈயக்கயிறு படகு விளிம்பில் தடதடவென்று தட்டிக்கொண்டு இறங்கும், தரையில் கிடக்கும் கயிற்று வளையங்கள் ஒவ்வொன்றாகச் சுருக்கென்று நிமிரும். அந்த வளையம் ஒன்றுக்குள் கால் இருந்தால் வலையோடு ஆளும் போவார். வலை ஓடும்போது அடி எடுத்து வைக்காதீர்கள். பாதத்தை உரசித் தேய்த்து நகருங்கள், வளையத்தை மிதிக்காமல் இருக்க அதுதான் வழி. சட்டையில் தொங்கும் நாடா, விரலில் மோதிரம், தளர்ந்த கையுறை எதுவும் வேண்டாம். கத்தி எந்தக் கைக்கும் எட்டும்படி மார்புப் பக்கம் இருக்கட்டும். இரண்டு பேர் இருந்தால், வலை போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜினில் இருப்பவர் வலை விடுபவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வலையைத் தண்ணீரில் நெடுநேரம் விட்டால் அதிக மீன் என்று நினைப்பார்கள். சில மணி நேரத்துக்குப் பின் முதலில் மாட்டிய மீன் செத்து மெத்துப்போகும், நண்டு கொறிக்கும், விலை போகாது. மிதவைகளில் படகின் பெயரும் பதிவு எண்ணும் எழுதுங்கள். வலை தொலைந்தால் அது அடியில் கிடந்து யாருக்கும் பயனில்லாமல் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும், எனவே தேடி எடுக்க நேரம் ஒதுக்குங்கள். கூண்டு வைப்பவர்கள் அதன் ஒரு வாசலை மக்கிப்போகும் பருத்தி நூலால் கட்டினால், தொலைந்த கூண்டு கொஞ்ச காலத்தில் தானாகத் திறந்துகொள்ளும்.

கிளம்பும் முன் வானமும் தண்ணீரும்

காற்று வேகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் போனால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். அதே காற்று, நீரோட்டம் கூடவே போகும்போது ஒன்றும் செய்யாது. காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 5 என்பது 17 முதல் 21 நாட் காற்று (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), வெள்ளை நுரை எங்கும் தெரியும். சின்னப் படகு அதற்கு முன்பே கரையில் இருக்க வேண்டும். காலையில் அமைதியாக இருந்து பிற்பகலில் கடற்காற்று எழும் இடங்களில் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஓதத்துக்கு, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதற்கு, ஒரு கணக்கு இருக்கிறது. சுமார் ஆறு மணி நேரத்தில் ஏறும் நீரைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறும். நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதி நீர் ஓடுகிறது, நீரோட்டம் வலுவாக இருப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் வலுக்கும். ஆற்று முகத்துவாரத்தில் நுழைகிறவர்கள் வெளியே போகும் ஓதத்தில், கடலிலிருந்து அலை வரும் வேளையில் நுழையவே கூடாது. தெரிந்த துறைதான் என்ற நினைப்பு நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது. வெளியே அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ மிதந்து நீர் மாறக் காத்திருங்கள்.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணியைத் தாண்டினால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கப்பல்களும் அவசரமும்

20 நாட் வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை மூன்று நிமிடத்தில் கடக்கும். 5 மைல் தொலைவில் பார்த்தீர்கள் என்றால் உங்களிடம் இருப்பது 15 நிமிடம், அதற்குள் வலையைச் சுருட்ட முடியாது. பெரிய கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால், நேர் முன்னே 500 மீட்டர் வரைக்கும் கடல்பரப்பு மறைந்திருக்கலாம். 1972-ன் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி தொழிலில் இருக்கும் மீன்பிடிப் படகுக்கு மற்ற இன்ஜின் கப்பல்கள் வழிவிட வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டே தூண்டில் இழுக்கும் படகை அந்தக் கணக்கில் அந்த விதிகளே சேர்ப்பதில்லை, குறுகிய கால்வாயில் மீன்பிடிப் படகு மற்றவர்களுக்கு இடையூறாக இருக்கவும் கூடாது. இரவில், இழுவலை அல்லாத தொழில் செய்யும் படகின் அடையாளம் மேலே சிவப்பு, கீழே வெள்ளை விளக்கு. விதி உங்கள் பக்கம் இருந்தாலும் கப்பலுக்கு ஒதுங்குகிறவர் நீங்களாகவே இருந்துவிடுங்கள்.

கடலில் படகுகளும் கரையும் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ வாங்குங்கள், செல்போனை மட்டும் நம்பாதீர்கள். சேனல் 16-ல் உயிராபத்துக்கு "மேடே" என்று மூன்று முறை, பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்ற வரிசையில் சொல்ல வேண்டும். இடத்தை எப்போதும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், பதற்றத்தில் எண்கள் மாறிவிடும். தண்ணீரிலிருந்து எட்டும்படி ஒரு ஏணியோ காலை வைக்கும் கயிற்று வளையமோ படகில் தொங்க வேண்டும். ஈரத்துணியோடு விளிம்பைப் பிடித்து ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று கரையோரத்தில் ஒருமுறை முயன்று பாருங்கள், புரிந்துவிடும்.

திருக்கை முள் குத்தினால் குத்திய இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், வலி குறையும் வரை 30 முதல் 90 நிமிடம் வைக்க வேண்டும். வழியில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் இருப்பது நல்லது. மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்திய முள்ளைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள்.

மீனைக் கெடாமல் கொண்டுவருவது

காசு இருப்பது இங்கேதான். ஒரே மீன், ஒரே இடம், ஒரே நாள் என்றாலும் ஒருவர் மீன் ஏலத்தில் முதலில் போகும், மற்றவருடையது கடைசியில் மிஞ்சும், காரணம் அந்த மீனுக்குக் கிடைத்த முதல் பத்து நிமிடம்.

நல்ல விலை மீனைத் துள்ளவிட்டுச் சாகடிக்காதீர்கள். துள்ளத் துள்ள சதை சூடேறிப் புளித்துவிடும். தலையில் ஒரே அடியாக அடித்து மயக்கி, உடனே செவுளுக்குப் பின்னால் வெட்டுங்கள். இதயம் இன்னும் துடிக்கும்போது வெட்டினால் அதுவே இரத்தத்தை வெளியே தள்ளும், செத்தபின் வெட்டினால் சதைக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு கடல்நீரும் ஐஸும் கலந்த கூழில் போடுங்கள். வெறும் ஐஸ் கட்டிகள் மீனை அங்கங்கேதான் தொடும், கூழ் சுற்றிலும் தொடுவதால் சீக்கிரம் குளிரும். விறைக்கும் முன்பே மீனை நேராகப் படுக்க வையுங்கள். வளைந்து விறைத்ததை நிமிர்த்தினால் உள்ளே சதை விரிசல் விடும், வாங்குபவர் தோலை உரித்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

ஐஸ் எவ்வளவு? ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனை 0-க்குக் கொண்டுவர அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். மீதி ஐஸ் ஏன்? பெட்டியின் சுவர் வழியாக ஏறும் சூட்டுக்கும், நீங்கள் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதற்கும். வெயில் பிரதேசத்தில் மீனுக்குச் சமமாக ஐஸ் என்று எடுத்துக்கொள்வது அதனால்தான். அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே ஐஸ், உருகிய நீர் வடிய வழி. பெட்டியை ஆழமாக நிரப்பினால் அடியில் இருப்பது நசுங்கும்.

சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் இது விலை விஷயம் மட்டுமல்ல. வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். சமைத்தாலும் அது அழியாது, அப்புறம் எவ்வளவு ஐஸ் போட்டாலும் உருவானது குறையாது.

கணக்கு

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, இடம், காற்று, ஓதம், எரிபொருள், ஐஸ், மீன் எடை, விற்ற தொகை. சில மாதங்களில் எந்த இடம் எரிபொருளைத் தின்றுவிட்டு ஒன்றும் தரவில்லை என்று தெரியவரும். மீன் அதிகம் கிடைத்த நாளும் லாபமான நாளும் பல நேரம் வேறாக இருக்கும். எல்லோரும் ஒரே மீனை அள்ளிக்கொண்டு வந்த அன்று விலை விழுந்திருக்கும். ஒவ்வொரு நாளும் வருமானத்தில் ஒரு பகுதியை இன்ஜினுக்கும் வலைக்கும் தனியாக எடுத்து வையுங்கள், அவை இரண்டும் ஒரே மாதத்தில் போய்விடும் பழக்கமுள்ளவை. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், மீனை அவரிடமே அவர் சொன்ன விலைக்குப் போட வேண்டியதாகிவிடும். அவசியம் இல்லாமல் வாங்காதீர்கள். தடைக்காலத்துக்கும் மோசமான வானிலைக்கும் கரையில் வேறு ஏதாவது ஒரு வேலை தெரிந்திருப்பது நல்லது.

கரைக்கு வந்ததும்

மீனை இறக்கியவுடன் வீட்டுக்குப் போகத் தோன்றும், ஆனால் அன்றைய வேலை இன்னும் முடியவில்லை. இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். வலையை நிழலில் உலர்த்துங்கள், நைலான் வெயிலில் நைந்துவிடும். கிழிந்த கண்ணியை அன்றே பின்னிவிட்டால் ஒரு ஓட்டை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றால் அது ஆள் நுழையும் ஓட்டையாக இருக்கும். பெட்டிகளைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். நோட்டை எழுதுங்கள். எரிபொருளையும் மாலையிலேயே நிரப்பிவிடுங்கள், விடியற்காலை இருட்டில் புனலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.